பத்து நிமிடப் பேச்சு: அடுக்குமொழியா, கேள்வியா, உவமையா, கதையா?

கடந்த மூன்று மாதத்தில், இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தமிழர்கள் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஃபீனிக்ஸில் ஒரு தங்கை, கோயில் கமிட்டியிடம் தமிழ் வகுப்புக்கு ஓர் அறை கேட்டுப் பேச வேண்டும். டோங்காட்டில் ஓர் அண்ணன், நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்திறங்கியதை நினைக்கும் நவம்பர் 16 கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டுவிட்டார். சாட்ஸ்வொர்த்தில் பதினான்கு வயதுப் பெண், ஐஸ்டெட்ஃபட் என்ற கலை, மொழிப் போட்டி விழாவின் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். மூவருக்கும் சொல்ல வேண்டிய விஷயம் தெரியும். எப்படிச் சொன்னால் கேட்பவர் மனசு அசையும் என்பதுதான் பிடிபடவில்லை.

பேச்சுக்கலை பற்றித் தேடினால் அணிகளின் பட்டியல் நீளமாகவே கிடைக்கும். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வி, அது ஆறுவதற்குள் ஓர் உவமை, அதன் மேல் ஒரு குறள், அப்புறம் ஓர் அடுக்கு. கேட்பவர் எதையும் கையில் பிடித்துக்கொள்ள முடியாமல் வீட்டுக்குப் போய்விடுவார். பத்து நிமிடத்துக்கு ஒரு முக்கிய உத்தி, அதற்குத் துணையாக இன்னொன்று, அவ்வளவு போதும். எது முக்கியம், எது துணை என்பதை உங்கள் விருப்பத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களை வைத்து முடிவு செய்யுங்கள்.

## எதிரே யார் இருக்கிறார்கள்?

டர்பன் பக்கம் ஒரு கூட்ட மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் தாத்தாக்கள், ஆயாக்கள். தமிழ் அவர்கள் காதில் ஊறியது. படிக்க வராவிட்டாலும் ஓசை தவறினால் உடனே தெரிந்துவிடும். நடுவரிசையில் அவர்கள் பிள்ளைகள். சமையலறைத் தமிழும் தேவாரத் தமிழும் புரியும், மேடைத் தமிழ் பாதி புரியும். பின்வரிசையில் பேரப்பிள்ளைகள், ஆங்கிலம் மட்டும். சில கூட்டங்களில் பக்கத்துத் தெரு ஜூலு நண்பர்களும் வந்திருப்பார்கள். தமிழ்நாட்டு மேடைக்கு எழுதப்பட்ட யோசனைகள் இங்கே அப்படியே பலிக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

இதை நான் நேரடியாக அனுபவித்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பரிசளிப்பு விழாவில், ‘தாய்மொழி தழைக்கத் தளராது தாங்கிய தலைமுறைக்குத் தலைவணங்குகிறேன்’ என்று தொடங்கி, வரிக்கு வரி மோனை வைத்துப் பேசினேன். ஆங்கிலத்தில் சொல்லித் தர ஓர் ஆசிரியை பக்கத்தில் நின்றார். முதல் இரண்டு வரியை மொழிபெயர்த்தார். மூன்றாவது வரியில் சற்று நின்றார். பிறகு ஒலிவாங்கியை வாங்கி, ‘தமிழில் கேட்க ரொம்ப அழகாக இருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். முன்வரிசை ஆயா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்வரிசை காலியாகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் இணங்க வைக்க வேண்டியிருந்தது பின்வரிசையைத்தான்.

## எதை வைத்து எடைபோடுவது?

அன்றிலிருந்து எந்த உத்தியையும் நான்கு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன்.

1. மொழி மாறினால் உயிரோடு இருக்குமா? மேடையில் மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டாலும், காரில் திரும்பும்போது ஓர் அம்மா தன் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல்லத்தான் போகிறார்.
2. அடுத்த வாரமும் நினைவில் நிற்குமா?
3. தயாரிக்க எவ்வளவு உழைப்பு, மேடையில் நழுவினால் எவ்வளவு சேதம்?
4. பேசுகிறவர் மேல் நம்பிக்கை கூடுமா, குறையுமா?

நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அழகான வரியைக் கேட்டதும், ‘இவர் நம்மிடம் எதையோ விற்க வருகிறார்’ என்று தோன்றிவிட்டால், அதற்குப் பிறகு நல்ல காரணங்களைச் சொன்னாலும் காதில் ஏறாது.

## அடுக்குமொழியும் எதுகை மோனையும்

நம் மேடைத் தமிழ் என்றதும் நினைவுக்கு வருவது இதுதான். அண்ணாவும் அவர் காலத்துப் பேச்சாளர்களும் இதை ஊர் ஊராகக் கொண்டு போனார்கள், திரைப்பட வசனம் கடல் தாண்டிக் கொண்டுவந்தது. காதுக்கு இதம், மனப்பாடம் செய்யவும் சுலபம். ஓசையே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும்.

மொழிபெயர்ப்பில் இது பெரும்பாலும் செத்துவிடும். இன்னொரு மறைவான செலவும் உண்டு: மோனைக்காகச் சொல்லைத் தேடும்போது பொருள் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ‘தளராது’ என்ற சொல் என் வாக்கியத்துக்கு வந்தது ‘த’ என்ற எழுத்துக்காகத்தான். உண்மையில் அந்தத் தலைமுறை பல முறை தளர்ந்தது. தளர்ந்து, மறுபடி எழுந்தது. அதைச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வகை அடுக்கு மட்டும் மொழி மாறினாலும் பிழைக்கும். ஓசையை நம்பாமல், கடைசிக் கண்ணியில் பொருள் திரும்புகிற அடுக்கு அது. ‘அவர்கள் வந்தார்கள், வெட்டினார்கள், கட்டினார்கள். நாம் படித்தோம், வளர்ந்தோம், மறந்தோம்.’ இதை எந்த மொழியில் சொன்னாலும் அந்தக் கடைசிச் சொல் குத்தும்.

எப்போது இது சரியான தேர்வு? கேட்பவர் எல்லோருக்கும் தமிழ் தெரிந்தபோது, அல்லது தமிழின் ஓசையே பேச்சின் நோக்கமாக இருக்கும்போது.

## திரும்பச் சொல்லல்

இந்த மண்ணில் பிறந்த பெரிய பேச்சுகளை எடுத்துப் பார்த்தால், அதிகம் தெரிவது இந்த உத்திதான். 1996 மே 8ஆம் தேதி, புதிய அரசியலமைப்பை ஏற்ற நாளில், அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த தாபோ இம்பெகி கேப் டவுனில் பேசினார். ‘நான் ஓர் ஆப்பிரிக்கன்’ என்பது அந்தப் பேச்சின் தூண். அந்தத் தூணைச் சுற்றி அவர் ஒவ்வொரு கூட்டமாக மனிதர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்: கேப்பின் ஆதிக்குடிகள், ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், கிழக்கிலிருந்து கொண்டுவரப்பட்ட மலாய் அடிமைகள், போயர்களின் (டச்சு வழி வந்த வெள்ளைக் குடியேறிகளின்) கல்லறையில் பூ வைக்கும் பேரப்பிள்ளை. அந்த வரிசையில் நம்மவர்களும் வருகிறார்கள். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலேற்றப்பட்டு, உடல் உழைப்புக்கு மட்டுமே மதிக்கப்பட்டவர்களின் வழியிலும் வந்தவன் நான் என்றார். ஒரே வாக்கியம் திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறையும் அதற்குள் அடங்கும் ஆட்கள் கூடுகிறார்கள். கேட்கிறவருக்கு, ‘என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்’ என்று தோன்றுவது அப்படித்தான். சும்மா திரும்பச் சொன்னால் அது கோஷம். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை உள்ளே சேர்த்தால்தான் அது வாதம்.

இன்னொன்று, 1994 மே 10, பிரிட்டோரியாவில் மண்டேலாவின் பதவியேற்புப் பேச்சு. அதன் முடிவுப் பகுதியைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: ‘எல்லோருக்கும் நீதி இருக்கட்டும். எல்லோருக்கும் அமைதி இருக்கட்டும். எல்லோருக்கும் வேலையும் ரொட்டியும் தண்ணீரும் உப்பும் இருக்கட்டும்.’ ஆங்கிலத்தில் ‘இருக்கட்டும்’ முன்னால் நிற்கும், ‘எல்லோருக்கும்’ கடைசியில் வரும். தமிழில் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன, ஆனாலும் கட்டு குலையவில்லை. நீதி, அமைதி என்ற பெரிய சொற்களிலிருந்து உப்பு வரைக்கும் இறங்கி வருவதையும் பாருங்கள். உப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மனசு சமையலறைக்குப் போய்விடுகிறது.

தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் உட்காரும். அதனால் திரும்ப வருகிற சொல்லும் இயல்பாகக் கடைசியில்தான் விழும்: ‘…வேண்டும், …வேண்டும், …வேண்டும்’ என்று. ஆங்கிலப் பேச்சைப் பார்த்துவிட்டு, ‘எனக்கு வேண்டும்’ என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் முன்னால் தொடங்கினால் தமிழ் திக்கும். வினையைக் கடைசியிலேயே விடுங்கள். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் அதைத் தானாகவே முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுவார். ஓசையை நம்பாத உத்தி என்பதால் இரண்டு மொழியிலும் அது நிற்கும்.

செலவு என்ன? சூடு. திரும்பச் சொல்லச் சொல்லக் குரல் தானாக ஏறும். 300 பேர் இருக்கும் மண்டபத்தில் அது நல்லது. ஒன்பது பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் கமிட்டி அறையில், யாரோ தெருக்கூட்டம் நடத்துவதுபோல் இருக்கும். அங்கே ஒரே ஒரு முறை, அதுவும் முடிவில் மட்டும். மூன்று, நான்கு தடவைக்கு மேல் எந்த மண்டபத்திலும் வேண்டாம்.

## கேள்வி

விடையை எதிர்பார்க்காமல் கேட்கிற கேள்வி. தயாரிக்கச் செலவே இல்லாத உத்தி என்று நினைத்துப் பலர் இதில் இறங்குகிறார்கள். ஆபத்து அதிகமானதும் இதுதான்.

இந்த நாட்டுத் தமிழ் வரலாற்றில் மிக வலிமையான கேள்வியைக் கேட்டது ஒரு பதினாறு வயதுப் பெண். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை, 1913இல் சத்தியாகிரகத்தில் சேர்ந்து, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று, மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து கொடிய காய்ச்சலோடு வெளியே வந்தார். படுக்கையில் கிடந்தவரிடம், சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டார். இப்போது கைது செய்தாலும் மறுபடி போகத் தயார் என்றார் வள்ளியம்மை. அதனால் உயிர் போனால்? அதைப் பற்றிக் கவலை இல்லை, தாய்நாட்டுக்காகச் சாக யார்தான் விரும்ப மாட்டார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டதாகக் காந்தி எழுதி வைத்திருக்கிறார். 1914 பிப்ரவரி 22 அன்று வள்ளியம்மை இறந்தார்.

நம் இலக்கணம் விடையின் வகைகளில் ஒன்றாக ‘வினா எதிர் வினாதல்’ என்று ஒன்றைச் சொல்கிறது. கேள்விக்குக் கேள்வியாலேயே விடை சொல்வது. வள்ளியம்மை செய்தது அதுதான். அந்தக் கேள்வி ஏன் வேலை செய்கிறது என்றால், கேட்டவர் ஏற்கெனவே அதற்கான விலையைக் கொடுத்துவிட்டார். அதே கேள்வியை நல்ல உடம்போடு, மாலை போட்டுக்கொண்டு மேடையில் நின்று நான் கேட்டால் எடுபடாது. கேள்வியின் பலம் கேட்கிறவரிடம் இருக்கிறது. இதை மறந்துவிட்டுப் பிறருடைய கேள்விகளை எடுத்துக்கொள்ளக் கூடாது.

மறைவான செலவைச் சொல்கிறேன். ஒரு பெற்றோர் கூட்டத்தில், ‘உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டாமா?’ என்று கேட்டேன். ‘வேண்டாமா’ என்றாலே தமிழில் ‘வேண்டும்’ என்ற விடையைக் கையில் திணிப்பதுதான். கடைசி வரிசையில் ஒரு தந்தை எழுந்தார். ‘வேண்டும்தான் சார். ஆனால் சனிக்கிழமை அதே நேரத்தில்தான் கணக்கு டியூஷன் இருக்கிறது. எதை விடச் சொல்கிறீர்கள்?’ என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் விடை இல்லை. அதற்குப் பிறகு என் பேச்சை யாரும் கேட்கவில்லை, அந்தத் தந்தையைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மேடையில் கேட்கப் போகிற ஒவ்வொரு கேள்விக்கும், நமக்குப் பிடிக்காத விடை ஒன்றை முதலில் எழுதிப் பார்ப்பேன். அந்த விடைக்குப் பதில் இருந்தால் மட்டும் கேள்வியை வைத்துக்கொள்வேன். அன்று நான், ‘சனிக்கிழமை முடியாது என்றால் எந்த நாள் உங்களுக்கு முடியும்?’ என்று கேட்டிருக்க வேண்டும். அது உண்மையான கேள்வி. வெட்கப்பட வைக்கிற கேள்வியைவிட, இடம் கொடுக்கிற கேள்வி பலரையும் இணங்க வைத்திருக்கிறது.

## உவமையும் உருவகமும்

1960 பிப்ரவரி 3 அன்று பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் மேக்மில்லன் கேப் டவுனில் நம் நாடாளுமன்றத்தின் முன்னால் நின்று, இந்தக் கண்டம் முழுவதும் மாற்றத்தின் காற்று வீசுகிறது என்றார். எதிரே இருந்தவர்கள் நிறவெறி ஆட்சியாளர்கள். காற்றோடு யாரும் சண்டை போட முடியாது. யாரையும் குற்றம் சொல்லாமல், ‘இது உங்கள் விருப்பத்தைக் கேட்டு நடக்கவில்லை’ என்று அந்த ஒரு படம் சொல்லிவிட்டது. அதே பேச்சை ஏறக்குறைய அப்படியே ஒரு மாதம் முன்னால் கானாவின் அக்ராவில் அவர் பேசியிருந்தார். அங்கே அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. காற்று அதேதான், கேட்ட ஆட்கள் வேறு.

நம்மிடம் சொந்தமாக ஒரு படம் உண்டு: கரும்பு. வெட்டிய பிறகு கட்டை மண்ணில் இருக்கும். கவனித்தால் மறுதாம்பு துளிர்க்கும். நம் தமிழைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. மூன்று தலைமுறை வெட்டப்பட்டிருக்கிறது, கட்டை இன்னும் மண்ணில் இருக்கிறது. ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் கூட இது புரியும். டர்பன் இருக்கும் நாட்டால் பகுதிக் கடற்கரையில் வளர்ந்த யாருக்கும் கரும்பை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கரும்பு எல்லோருக்கும் இனிப்பதில்லை. இந்தப் படத்தை ஒரு முறை சொன்னபோது, பேச்சு முடிந்ததும் ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘கரும்பைப் பற்றி அழகாகப் பேசாதே அப்பா, அதன் சோகை இலை என் ஆயா கையைக் கிழித்ததை நான் பார்த்திருக்கிறேன்’ என்றார். உவமையின் செலவு இதுதான். நீங்கள் ஒரு படத்தைக் கொடுப்பீர்கள், கேட்பவர் அவர் வாழ்க்கையிலிருந்து இன்னொன்றைப் பார்ப்பார். இப்போது அந்த உவமைக்கு முன்னால் சோகை கிழித்த கைகளைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் மறுதாம்புக்கு வருகிறேன்.

தேய்ந்த உவமைகளையும் தவிர்த்துவிடுங்கள். பல இனத்தவர் சேர்ந்து வாழும் இந்த நாட்டை வானவில் தேசம் என்று பேராயர் டெஸ்மண்ட் டூட்டு சொன்னபோதும், 1994இல் மண்டேலா அதை எடுத்துச் சொன்னபோதும் அது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது கேட்கிறவர் காதில் அது வெறும் சொல்லாகத்தான் விழுகிறது.

## எதிரெதிர் வைத்தல்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1964 ஏப்ரல் 20 அன்று பிரிட்டோரியா நீதிமன்றத்தில், குற்றம் சாட்டப்பட்டவராக நின்ற மண்டேலா சுமார் மூன்று மணி நேரம் பேசினார். பெரும்பகுதி வரலாறும் காரணங்களும்தான். கடைசியில் தாளைக் கீழே வைத்துவிட்டு, நீதிபதியைப் பார்த்து, மனப்பாடமாகச் சில வாக்கியங்கள் சொன்னார். வெள்ளையர் ஆதிக்கத்தை எதிர்த்தேன், கறுப்பர் ஆதிக்கத்தையும் எதிர்த்தேன் என்ற எதிரெதிர் அமைப்பு அங்கேதான் வருகிறது. அந்த இலட்சியத்துக்காகச் சாகத் தயார் என்ற வரிக்கு முன்னால் ‘தேவைப்பட்டால்’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னவர் அவர் தரப்பு வழக்கறிஞர் ஜார்ஜ் பிசோஸ். அந்த ஒரு சொல்லால், சாவைத் தேடிப் போகிறவரின் பேச்சாக அது ஆகாமல், நிதானமான மனிதரின் பேச்சாக ஆனது.

எதிரெதிர் வைப்பது மொழி மாறினாலும் நிற்கும், நம்பிக்கையையும் கூட்டும். இரண்டு பக்கத்தையும் எடை போட்டவர் என்று கேட்பவருக்குத் தெரிகிறது. ஒரே நிபந்தனை, இரண்டாவது பாதியும் உண்மையாக இருக்க வேண்டும்.

## கதை

1860இலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நாட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். இந்த எண்ணை நவம்பர் 16 கூட்டங்களில் பல முறை கேட்டிருக்கிறேன். மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் 1860இல் டர்பனில் வந்து நின்றது அந்த நாளில்தான். எண்ணைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். அவ்வளவுதான்.

என் குடும்பத்திடம் கப்பல் பட்டியலின் நகல் பக்கம் ஒன்று இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு முன்னால் ஓர் எண், பிறகு தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர். கடைசிக் கட்டத்தில் உடல் அடையாளம்: வலது முன்கையில் தீக்காயத் தழும்பு. ஒரு கூட்டத்தில் அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தக் கட்டங்களை மட்டும் வரிசையாகப் படித்தேன். தழும்பு வந்ததும் நிறுத்தினேன். ‘இந்தக் காயம் எப்படி வந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் சொல்லியிருப்பார். தமிழில் சொல்லியிருப்பார்’ என்றேன். பின்வரிசையில் கைபேசிகள் இறங்கின. கூட்டம் முடிந்து மூன்று பிள்ளைகள் அந்தத் தாளைப் பார்க்க வேண்டும் என்று வந்தார்கள். அவர்களில் ஒரு பையன் தன் வலது முன்கையைத் தடவிக்கொண்டே படித்தான்.

ஆங்கிலத்தில் சொன்னாலும் தழும்பு தழும்புதான். நினைவிலும் நிற்கும். நம்பிக்கையும் கூடும், ஏனென்றால் நீங்கள் எதையும் விற்கவில்லை, காட்டுகிறீர்கள்.

செலவுகளும் பெரியவைதான். முதலாவது நேரம். வீட்டில் மூன்று நிமிடம் எடுத்த கதை மேடையில் ஐந்து நிமிடம் ஆகும். இரண்டாவது அனுமதி. சாதி எழுதிய கட்டத்தை மேடையில் படிக்கலாமா என்று நான் என் அக்காவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன். அடுத்தவர் குடும்பக் கதை என்றால் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. மூன்றாவது, கதை காரணத்தின் வேலையைச் செய்யாது. அழுதுகொண்டே கேட்ட கமிட்டி, அடுத்த நிமிடம் மின்கட்டணத்தை யார் கொடுப்பது என்று கேட்கும். அதற்குத் தனியாக விடை வைத்திருக்க வேண்டும்.

குறளும் பழமொழியும் பற்றி ஒரு வார்த்தை. முன்வரிசைக்கு அது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. பின்வரிசைக்கு வெறும் ஓசை. பொருளை முதலில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அப்புறம் குறளைச் சொன்னால் இரண்டு வரிசைக்கும் பங்கு கிடைக்கும். முக்கிய உத்தியாக வைத்துக்கொள்ள இது போதாது.

## ஒரே பார்வையில்

| உத்தி | மொழி மாறினால் | அடுத்த வாரம் | தயாரிப்பு | மறைவான செலவு | பொருத்தமான இடம் |
|---|---|---|---|---|---|
| அடுக்குமொழி | ஓசை போய்விடும் | ஓசை நிற்கும், பொருள் நிற்காது | நடுத்தரம் | பொருள் விலகும் | முழுத் தமிழ் அவை, போட்டி |
| திரும்பச் சொல்லல் | நிற்கும் | நன்றாக நிற்கும் | குறைவு | சூடு கூடிவிடும் | பெரிய மண்டபம் |
| கேள்வி | நிற்கும் | விடையைப் பொறுத்தது | பார்க்க எளிது, உண்மையில் கடினம் | யாராவது பதில் சொல்லிவிடலாம் | விலை கொடுத்தவர் பேசும் இடம் |
| உவமை | பெரும்பாலும் நிற்கும் | நன்றாக நிற்கும் | நல்ல படம் கிடைக்க நாளாகும் | கேட்பவர் வேறு படம் பார்ப்பார் | எதிர்ப்பவர்கள் நிறைந்த அவை |
| எதிரெதிர் | நிற்கும் | நிற்கும் | நடுத்தரம் | இரண்டாம் பாதி பொய்யானால் கவிழும் | முடிவு வாக்கியங்கள் |
| கதை | முழுதாக நிற்கும் | எல்லாவற்றையும்விட அதிகம் | அதிகம் | நேரம், அனுமதி | கலந்த அவை |

## மூவருக்கும் நான் சொன்னது

சாட்ஸ்வொர்த் பெண்ணுக்கு அடுக்குமொழியையே முக்கியமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். நடுவர்களுக்குத் தமிழ் தெரியும், உச்சரிப்புக்கும் மதிப்பெண் உண்டு, அவள் ழகரமும் அழகாக வருகிறது. ஆனால் ஒவ்வோர் அடுக்கையும் அவள் தம்பியிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒன்றுமே மிஞ்சாத அடுக்கை வெட்டிவிட வேண்டும். துணைக்கு அவள் வீட்டிலிருந்தே ஓர் உவமை. அவள் ஆயாவின் அம்மியைப் பற்றி ஏதோ சொன்னாள், அதையே எழுது என்றேன்.

டோங்காட் அண்ணனுக்குக் கதை. கலந்த அவை, இருபது நிமிடம் வேண்டுமானாலும் கொடுப்பார்கள், ஆனால் பத்திலேயே முடிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் பாட்டனாரின் எண் தெரியும், பட்டியல் இன்னும் கைக்கு வரவில்லை. பட்டியல் கிடைக்காவிட்டால் அந்த எண்ணை மட்டுமே வைத்துப் பேசலாம். பெயர் இருந்த மனிதரை ஓர் எண்ணால் கூப்பிட்டார்கள் என்பதே ஒரு கதைதான். துணைக்குத் திரும்பச் சொல்லல், கடைசி ஒரு நிமிடம்.

ஃபீனிக்ஸ் தங்கையின் நிலைமைதான் கடினம். ஒன்பது பேர், ஒரு மேசை, எல்லோருக்கும் அவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மேடைக் குரல் அங்கே எடுபடாது. முதல் ஐந்து நிமிடம் காரணங்களுக்கே: எத்தனை பிள்ளைகள், எந்த நாள், மின்கட்டணம், பூட்டுவது யார் பொறுப்பு. நம் அரசியலமைப்பின் 6ஆவது பிரிவு, வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். பிறகு வகுப்பில் வந்து சேர்ந்த ஒரு குழந்தையின் கதை, இரண்டு நிமிடம், அந்த அம்மாவின் அனுமதியோடு. கேள்வியே வேண்டாம் என்றேன். கமிட்டியில் கேள்வி கேட்பது அவர்கள் உரிமை.

முடிவுக்கு மட்டும் ஒரு திரும்பச் சொல்லல். இதை நாங்கள் இரண்டு பேரும் தொலைபேசியில் சேர்ந்து எழுதினோம்: ‘சுவர் இருக்கிறது. கூரை இருக்கிறது. கரும்பலகை இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள். சாவி மட்டும் உங்களிடம் இருக்கிறது.’ குரலை உயர்த்தாமல், பேசுகிற அளவிலேயே சொல்ல வேண்டும். சொன்னதும் நன்றி கூட வேண்டாம், உட்கார்ந்துவிடுங்கள் என்றேன். அவர் அதைத் தன் பத்து வயது மகனிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறார். ‘சாவியைக் கொடுத்தார்களா அம்மா?’ என்று அவன் கேட்டானாம். வரும் செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடுகிறது.